பத்து கிலோவுக்குக் கீழே

ஆரம்பாக்கம் எடைமேடையில்
நாளுக்கு எண்பது லாரி நிறுக்கிறவன் நான்.
வெறும் வண்டி இவ்வளவு, சரக்கோடு இவ்வளவு,
கழித்தால் வருவது சிமெண்ட், சவுக்கு, நெல்லூர் அரிசி.
என் கைக்கு ஒரே ஒருமுறை வந்த கொடுவாவைத்தான்
யாரும் நிறுக்கவில்லை.

சுண்ணாம்புக்குளத்துக் கரை.
ஐப்பசி மழை விட்டிருந்த விடிகாலை.
முட்டிவரை சேறு.
ராடு வளைந்து, ரீல் சூடேறி, இருபது நிமிடம்.
முனிரத்தினம் போனில் எடுத்த ஒரே படத்தில்
என் கண் மூடியிருக்கிறது,
மீனின் கண் திறந்திருக்கிறது.
அப்புறம் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.
அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.
பெரிய மனசு என்றார்கள்.
மனைவி மட்டும்
"மசாலா அரைச்சு வச்சிருந்தேன்" என்றாள்.

தடாவில், ரயில்வே கேட் தாண்டி,
பெஞ்சலய்யாவின் பைபர் பட்டறை.
பூங்காவுக்குச் சறுக்குமரம், பால்கடைக்குப் பசு,
ஐஸ்கிரீம் கடை வாசலுக்கு ஆளுயரக் கோன்.
தூள் மூக்கிலேறித் தும்மியபடி படத்தை வாங்கிப் பார்த்தார்.
"பண்டுகப்பா."
"கொடுவா" என்றேன்.
"செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கொடுவா,
இந்தப் பக்கம் பண்டுகப்பா. ரேட்டு ஒண்ணுதான்.
நீளம் எவ்வளவு?"

கைகளை விரித்துக் காட்டினேன்.
டேப்பை இழுத்தார். முப்பத்தெட்டு அங்குலம்.
டீ குடித்ததும் மறுபடி காட்டச் சொன்னார்.
நாற்பத்தொன்று.
"இன்னொரு டீ சொல்லட்டுமா சார்,
திமிங்கிலம் ஆயிடும்."

என் சட்டைப் பொத்தானை அளவாக வைத்து
படத்தின் மேல் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார்.
முப்பத்திரண்டரை.
டாங்கில் தண்ணீர் நிரப்பி எடை ஏற்றும் டிரைவர்களைப்
பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிறவன் நான்.
வாயே திறக்கவில்லை.

முதுகுக்கு என்ன பச்சை என்று கேட்டார்.
கண்ணுக்கு என்ன சிவப்பு.
"சின்னதில் எல்லாம் ஆண், சார்.
பெருத்த பிறகு பெண்ணாயிடும். இது பெண்."
பிறகு படத்தில் என் கட்டைவிரலைத் தொட்டார்.
"வாயைப் பிடிக்கல. செவுளையும் பிடிக்கல.
விடுற கை இப்படி இருக்காது.
இது நழுவினது."
பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
பையன்கள் காதில் விழுந்திருக்காது.
ஆமாம் என்றேன்.

ஐந்து வாரம், எட்டாயிரம் ரூபாய்.
அட்டைப்பெட்டியைப் பிரித்தால்
மீன் நேராக இல்லை.
வால் ஒரு பக்கம் அடித்து, தலை மறுபக்கம் திருகி,
வாய் பாதி திறந்து,
என் கையைவிட்டுப் போன அந்த அரை நொடி
அப்படியே வார்க்கப்பட்டிருந்தது.
முதுகுப்புறம் ஒரே ஒரு கொக்கி.
எப்படி மாட்டினாலும்
கதவுப் பக்கம் சாய்கிறது.

இரவு இரண்டரை மணி. சாலை காலி.
சுவரிலிருந்து கழற்றி
மேடை நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் இரும்புத் தகடு.
கேபினுக்கு ஓடி வந்து பார்த்தால்
திரையில் பூஜ்யம்.

பத்து கிலோவுக்குக் கீழே எதையும்
இந்த எந்திரம் ஒப்புக்கொள்ளாது.
எனக்குத் தெரியாதா?
அந்தச் சான்றிதழ் என் தலைக்கு மேல்தான் தொங்குகிறது.
ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.
அன்றைக்கு அதை இங்கே கொண்டுவந்திருந்தால்
பத்து என்று காட்டியிருக்கும்.
காட்டியிருக்கலாம்.

நாயுடுபேட்டை லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது.
டிரைவர் தலையை நீட்டி
"கிலோ என்ன விலை?" என்றான்.
இறங்கிப் போய்
கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டு
இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன்.
வண்டியை ஏறச் சொன்னேன்.